ஃபோல்டருக்குள் ஏலக்காரர்

அந்த ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் அவளுக்கு ஒலிப்பதிவு வேலை. குரல்வளையை எடுக்கப் போகிறவர்களை அறுவைக்கு முன்பே உட்கார வைத்து, பிற்பாடு தேவைப்படும் வாக்கியங்களை அவர்கள் குரலிலேயே பதிந்து வைப்பாள். அறுவை முடிந்ததும் கையில் ஒரு டேப்லெட். தட்டினால் போதும், அவரவர் குரலே பேசும்.

ஆனால் பிரிவில் அவளுக்குப் பெயர் ஆலோசனை அக்கா.

காரணம் இருந்தது. பதிவுகளையெல்லாம் கிளவுடில் வைத்திருந்தார்கள். அந்தச் சேவையின் ஓரத்தில் 'உங்கள் ஆலோசனை' என்று ஒரு பெட்டி. மற்றவர்கள் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இவள் விடாமல் எழுதுவாள். ஃபோல்டர்களை எங்கள் விருப்பப்படி அடுக்க விடுங்கள். ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனியாகப் பூட்டுப் போட வழி செய்யுங்கள். பலர் பகிரும் ஃபோல்டரை ஒருத்தர் அழிக்கப் போனால் மற்றவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வரும். அதோடு சரி.

"கிணத்துல போட்ட கல்லு," என்பார் அவள் கணவர்.

"விழுந்துச்சுன்னு தொபுக்னு ஒரு சத்தமாவது வருதே!" என்பாள்.

அடுக்க வழியில்லாததால் பிரிவில் ஒரு பழக்கம் முளைத்தது. ஃபோல்டர்கள் அகரவரிசையில்தான் நிற்கும். அவசரமானது மேலே வரட்டும் என்று ஒருத்தர் பெயருக்கு முன்னால் 'அ' ஒட்டினார். அவரை முந்த இன்னொருத்தர் 'அஅ' போட்டார். பட்டியலின் உச்சியைப் பார்த்தால் யாரோ பல் பிடுங்கும்போது கத்துகிற மாதிரி இருக்கும். வேண்டாதவற்றுக்கு 'ஹ' ஒட்டுவார்கள். அடியில் போய்க் கிடக்கும்.

ஏலக்காரரின் ஃபோல்டரை அவள் அந்த அடியில்தான் ஒளித்து வைத்திருந்தாள்.

அவர் காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். பதிவுக்கு வந்த அன்றே, எழுதிக் கொடுத்த வாக்கியங்களை ஒதுக்கித் தள்ளினார். "'எனக்குத் தண்ணீர் வேண்டும்'னு நான் பிறந்ததுலேர்ந்து கேட்டதில்லம்மா. 'ஏய், தண்ணி எங்க?'ன்னு போடு." அப்படியே கடை, வீடு, சண்டை, துக்கம் என்று ஃபோல்டர்கள் நிறைந்தன. பெரியது சண்டைதான். அதில் பாதி அவருடைய மச்சானுக்கு.

கடைசி நாளில் இன்னொன்று கேட்டார். 'மகள்.' வெளியூர் வேலைக்கு மகள் கிளம்பியபோது, "போனா அப்படியே போ," என்று ஒரு சொல் விட்டவர் அவர். அவளும் அப்படியே போனாள். அம்மாவோடு மட்டும் பேச்சு. சுவரைப் பார்த்துக்கொண்டு அவளுக்காகக் கொஞ்ச நேரம் பேசி முடித்தார். "அவ வர்ற அன்னைக்கு நானே போடுவேன். அதுவரைக்கும் இது யார் காதுலயும் விழக் கூடாது," என்றார். ஆலோசனை அக்காவும் வாக்குக் கொடுத்தாள்.

வாக்கைக் காப்பாற்றத்தான் பூட்டு இல்லையே! பயிற்சிக்கு வரும் பெண்கள் சண்டை ஃபோல்டரைத் திறந்து கேட்டு விழுந்து விழுந்து சிரித்ததை அவளே பார்த்தாள். அன்றே ஏலக்காரரின் ஃபோல்டர் மொத்தத்துக்கும் 'ஹஹ பழசு' என்று பெயர் மாற்றினாள். குப்பையை யார் கிளறுவார்கள்?

கிளறவில்லை. கூட்டியே தள்ளிவிட்டார்கள்.

"அக்கா, இடம் காலி பண்ணிட்டேன்," என்றபடி வந்தான், புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் தம்பி. "கிளவுடு நிரம்பிடுச்சுன்னு ஒரே சிவப்பா காட்டிச்சு. அடியில கிடந்த ஹ, ஹஹ எல்லாத்தையும் தூக்கிட்டேன்."

அவள் பட்டியலின் அடியைப் பார்த்தாள். 'ஹஹ பழசு' இல்லை. "குப்பைத்தொட்டியில இருக்கும்ல?"

"அதையும் காலி பண்ணாத்தானேக்கா இடம் வரும்?"

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளிறிப்போனது. "ஏங்க்கா, பழசுன்னு பேர் வச்சிட்டு… கம்பெனிக்கு எழுதலாம். ஆனா பதில் எப்ப வரும், என்னன்னு வரும்னு தெரியாது."

"எனக்குத் தெரியும். உங்கள் கருத்துக்கு நன்றின்னு வரும்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "அவர் டேப்லெட்ல ஒரு காப்பி இருக்கும்ல?"

"ஒருதடவையாவது தட்டிக் கேட்டதெல்லாம் அதுல தங்கியிருக்கும். கொஞ்ச நாள் தொடாம விட்டதை, இடத்தை மிச்சம் பிடிக்க அதுவே கழிச்சிரும். ஆனா அக்கா, டேப்லெட்டுக்கு நெட்டு கிடைச்ச உடனே அது இங்க வந்து பார்க்கும். இங்க இல்லைன்னா அங்க இருக்கறதையும் அழிச்சிரும்."

அவர் வீட்டில் நெட்டு கிடையாது. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினால்தான் டேப்லெட் தானாக வைஃபையில் ஒட்டிக்கொள்ளும். அப்படி அமைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"தம்பி, இன்னைக்கு அவருக்குச் செக்கப்!"

அவருக்குப் போன் செய்து பயனில்லை. எடுத்துப் பேச அவரால் முடியாது. மனைவிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தாள்.

"சொல்லும்மா," என்றார் ஏலக்காரர் மனைவி. பின்னால் ஒரு ஆண் குரல் இடிபோல முழங்கியது. 'யாருகிட்ட கதை விடுற? இந்தத் தூரத்துக்கு இவ்வளவா?'

அந்தக் குரலைக் கேட்டதும் இவளுக்குப் பாதி உயிர் வந்தது. இன்னும் இருக்கிறது.

"ஆட்டோக்காரரோட சண்டை," என்றார் மனைவி. "கேட்டு வாசல்லதான் நிக்கிறோம்."

"அக்கா, உள்ள வராதீங்க! அங்கேயே நில்லுங்க. ஐயா டேப்லெட்டை முதல்ல அணைங்க!"

"ஏன், உள்ள எதாவது தொத்து நோயா? ஏங்க, நில்லுங்க, அந்தப் பொண்ணு உள்ள வரக் கூடாதுங்குது… ஐயையோ, சொன்னதுதான் தாமதம், விறுவிறுன்னு நடக்குறாரும்மா! இந்த மனுஷனை நில்லுன்னு சொன்னா நிப்பாரா?"

வராதே என்றால் வருகிற ஆள். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, வைஃபையை நிறுத்து!"

"தலைமை டாக்டரம்மாகிட்ட கேக்காமலா? உள்ள வீடியோல மீட்டிங் ஓடுதுக்கா!"

கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நடைவழியின் கோடியில் வைஃபைப் பெட்டி கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வயரைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கினாள். எல்லா அறைகளிலிருந்தும், "என்னாச்சு? நெட்டு போச்சே!" என்று குரல்கள் எழுந்தன.

தலைமை டாக்டரம்மா வெளியே வந்தார். "யாரு இந்த வேலை பார்த்தது?"

"நான்தான் டாக்டர்." வயர் இன்னும் கையில் இருந்தது. "ஒருத்தர் குரல் போயிடும் டாக்டர். ஏற்கெனவே ஒருதடவை போனது."

டாக்டரம்மா வயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "முடிச்சிட்டு என் ரூமுக்கு வா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்கு என்ன பொருள் என்று யோசிக்க அவளுக்கு அவகாசம் இல்லை. வாசலில் ஏலக்காரர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் டேப்லெட், முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும் கோபம். விரல் தட்டியது.

'யாருய்யா நீ, எனக்கு உத்தரவு போட?'

அவர் குரல்தான், சுத்தமாக. அவள் டேப்லெட்டைக் கிட்டத்தட்டப் பறித்தாள். தம்பி அதன் நெட்டைத் துண்டித்தான். பதிவு அறைக்குள் நால்வரும் நுழைந்தார்கள். நடந்ததை அவள் மறைக்காமல் சொன்னாள். ஒளித்ததையும், தட்டிக் கேட்டது மட்டுமே டேப்லெட்டில் தங்கியிருக்கும் என்பதையும் சொன்னாள். ஏலக்காரர் டேப்லெட்டைச் சுட்டி, சீக்கிரம் என்று விரலைச் சொடுக்கினார்.

தம்பி கேபிளைச் செருகி ஒவ்வொன்றாக நகலெடுத்தான். கடை, முழுசாக இருந்தது. வீடு, அங்கங்கே ஓட்டை. சண்டை, ஒன்று விடாமல் இருந்தது.

"அதெப்படிப் போகும்?" என்றார் மனைவி. "எங்க அண்ணன் தினமும் வாங்கிக் கட்டிக்கிறானே!"

துக்கம், காலி. சாவு வீட்டில் சொல்ல வேண்டிய ஆறுதல்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏலக்காரர் போகட்டும் என்பதுபோலக் கையை உதறினார்.

பட்டியலில் மிஞ்சியது ஒன்று. தம்பியின் கை நின்றது. அவர் தொட்டிருக்கவே மாட்டார், மகள் வருகிற அன்றைக்கென்று எடுத்து வைத்ததாயிற்றே. ஆலோசனை அக்கா தானே 'மகள்' மேல் தட்டினாள்.

உள்ளே அது இருந்தது.

தட்டிக் கேட்டது மட்டும்தான் தங்கும் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். ஏலக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதான் மொட்டை மாடியில தனியா போய் உக்காருறதா?" என்றார் மனைவி மெல்ல. "காத்து வாங்குறேன்னு கையைக் காட்டுனீங்களே."

நகலெடுத்து முடிந்தது. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவியின் கையிலிருந்த போனைச் சுட்டினார். காதருகே கையை வைத்துக் காட்டினார்.

"யாருக்கு? இப்பவா? அவ வரட்டும்னு சொன்னீங்க?"

அவர் டேப்லெட்டின் மேல் புறங்கையால் ஒரு தள்ளு தள்ளிக் காட்டினார், தூசி பறக்கிற மாதிரி. இன்றைக்கே இது போயிருந்தால்?

மனைவி எண்ணைத் தேடத் தொடங்கியதும் ஆலோசனை அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஒலி கசியாத அறை. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. டாக்டரம்மா அறைக்குப் போக வேண்டும். ஆனால் அவள் கதவெதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"வயரைச் செருகட்டுமாக்கா?"

"செருகு. இனி பயமில்லை. நகல் இருக்கு."

அவன் செருகிவிட்டு வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் போனை எடுத்து அந்த ஆலோசனைப் பெட்டியைத் திறந்தாள். 'பகிர்ந்த ஃபோல்டரை ஒருவர் அழித்தால்…' என்று தொடங்கினாள்.

"'பழசுன்னு பேர் இருந்தாலும்'னு சேருங்கக்கா," என்றான் அவன். "நானும் தனியா ஒண்ணு எழுதறேன். ரெண்டு கல்லு விழட்டும்."

அவள் எழுதினாள், அழித்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி எழுதினாள். மகள் பாதியிலேயே போனை வைத்துவிட்டாளோ? எடுத்திருக்கவே மாட்டாளோ?

கதவு திறந்தது. ஏலக்காரர் மனைவி தலையை மட்டும் நீட்டினார். கண்ணெல்லாம் ஈரம்.

"சார்ஜர் இருக்காம்மா? போன் அணையப் போகுது, அவ இன்னும் பேச்சை நிறுத்தலை."

"ஐயா என்ன சொல்றார்?"

"அவர்கிட்ட அவளுக்குன்னு இருந்தது அந்த ஒண்ணுதானே? அதைப் போட்டாச்சு. இப்ப கடை ஃபோல்டரை வச்சுத்தான் சமாளிக்கிறார். எப்ப வரட்டும்னு அவ கேட்டா, 'ஒருதரம், ரெண்டுதரம்'ங்கிறார்!"

தம்பி சார்ஜர் தேடி ஓடினான்.