பின்புறம் போதாத படகு

கல்லறைத் தோட்டத்தில்கூட இத்ரிஸ் ப்ரிட்சர்டின் கை சும்மா இருக்காது. செதுக்கிய எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் மடக்கிய முஷ்டியை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். அவர் முஷ்டியின் அகலம் நாலு அங்குலம். துக்கத்துக்கு வந்தவர்கள் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துக்கொண்டார்கள். மனைவி நெஸ்டாவுக்குத்தான் விஷயம் தெரியும். அவள் தரையைப் பார்த்துக்கொள்வாள்.

கெர்னார்வன் துறைமுகத்தில் அவருடைய உத்தியோகமே அதுதான். புதுக் கப்பல் பதிவாகுமுன், முகப்பின் இரு பக்கமும் பெயர், பின்புறத்தில் பெயரும் துறைமுகமும், உள்ளே பெரிய உத்தரத்தில் எண், எல்லாம் சட்டப்படி இருந்தால் கையெழுத்துப் போடுவார். எழுத்தின் உயரம் நாலு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்தாலும் போடமாட்டார். அவரிடம் கெஞ்சாத கப்பல்காரர் அந்தக் கரையில் இல்லை.

நெஸ்டாவின் அக்கா என்லி தீவில் இருந்தாள். "வேலைய விட்டதும் நானே படகு கட்டி உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று கல்யாணமான புதிதில் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்றதும் கட்டவும் செய்தார். மீனைப் போலப் பின்னால் ஒடுங்கிய அழகான சின்னப் படகு. கட்டும்போது எழுத்து அவர் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"இத்துனூண்டு படகுக்குப் பதிவு வேணும்னு சட்டமே கேக்கல. தள்ளுப்பா தண்ணில" என்றார் பக்கத்து வீட்டு க்விலிம்.

"ஊரையே அலைய விட்டுட்டு நான் மட்டும் பதியாம போறதா? சிரிப்பாங்கடா."

"இப்ப மட்டும் அழுதுகிட்டா இருக்கோம்?"

விண்ணப்பித்தார். எண் வந்தது, உத்தரத்தில் வெட்டினார். ஒடுங்கிய பின்புறத்தில்தான் கெர்னார்வன் என்ற துறைமுகப் பெயர் அடங்கவில்லை. எவ்வளவு நெருக்கினாலும் எழுத்து மூன்றரை அங்குலம்தான் வந்தது. அவர் இடத்துக்கு வந்திருந்த ஹம்ஃப்ரி சோதிக்க வந்தான்.

"அரை அங்குலம்தானே ஐயா. நான் பாக்கல."

"நான் பாத்துட்டேனே."

கையெழுத்துப் போட வந்தவனை அவரே திருப்பி அனுப்பினார்.

"ஏங்க, அக்காவுக்கு வயசாகுது. அவ என்ன எழுத்தை அளக்கவா போறா?" என்றாள் நெஸ்டா. "இல்ல, சின்னப் பேரா வேற துறைமுகத்தைப் போட்டுக்குங்களேன்."

"நம்ம படகு முதுகுல அடுத்த ஊர்க்காரன் பேரா?"

அகலமாகக் கட்டுவதற்காகப் பின்புறத்தையே அறுத்து எடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். படகு முற்றத்தில் பின்பக்கம் திறந்தபடி நின்றது.

கோடையில் க்விலிம் தன் நண்டுப் படகில் நெஸ்டாவைத் தீவுக்கு அழைத்துப் போனார். அதில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"உன் வீட்டுக்காரர் படகு என்னாச்சுடி?" என்று அக்கா கேட்டாள்.

"வேலை நடக்குது" என்றாள் நெஸ்டா.

கூட்டிப் போவதாகச் சொன்னவர் இத்ரிஸ். க்விலிம் படகில் வந்ததை அவள் அந்தக் கடனில் கழித்துக்கொள்ளவே இல்லை.