ஓரத்தில் ஆடிய மனிதர்

போன வெள்ளிக்கிழமை மாலை உக்கடம் குளக்கரையில் வரிசையில் நின்றேன். எதற்கு? ஆடுவதற்கு! சிரிக்காதீர்கள்... என் முட்டிக்கும் ஆசை உண்டு.

கரையோரம் நீளமாக ஒரு திரை வைத்திருக்கிறார்கள். எதிரே கேமரா. தரையில் வரைந்த வட்டத்துக்குள் நின்று யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆடி முடித்ததும் நீங்களும் திரையில் இருப்பீர்கள் — முன்பே ஆடிய கூட்டத்தோடு, ஆடிக்கொண்டே. புதிதாக ஒருவர் இடது ஓரத்தில் சேர்ந்தால், வலது ஓரத்தில் இருப்பவர் மறைந்துவிடுவார்.

வரிசையில் நின்றவர்களிடம் ஒரு அம்மா ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். சரவணம்பட்டி ஐ.டி. பெண்கள் இரண்டு பேர் தயங்கி, தலையாட்டி, விலகிப் போனார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொது இடத்தில் ஆடினால் உபதேசம் செய்ய உடனே ஒருவர் கிளம்பிவிடுவாரே...

என்னிடமும் வந்தார்.

"ஏனுங்க சார், இன்னிக்கு ஒருநா ஆடாம போயிருங்களேன்."

"ஏங்க, ஆடினா என்ன தப்பு?"

"தப்பே இல்லீங்க. வலது ஓரத்துல பாருங்க... அவரு எங்க ஊட்டுக்காரருங்க. போன வாரம் நடுவுல இருந்தாரு. இனி ஒருத்தரு ஆடுனாலும் போயிருவாருங்க."

பார்த்தேன். ஒரு கையில் மீன் பை. மறு கையால் இல்லாத ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து ஆடிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெட்கச் சிரிப்பு.

அந்த அம்மாவின் பெயர் ஈஸ்வரி. கணவர் டவுன் பஸ் டிரைவர். மீன் வாங்க வந்த இடத்தில் ஆடியிருக்கிறார். சில நாள் கழித்து, காந்திபுரத்தில் டூட்டி முடிந்து வண்டியை விட்டு இறங்கியவர், அங்கேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

"மக கண்ணாலத்துல கூட ஆடாத மனுசனுங்க. பொண்ணூட்டுக்காரன் ஆடலாமான்னு கைய கட்டிட்டு நின்னாரு. அன்னிக்கு என்னமோ, 'பாரு அம்மணி'ன்னு உள்ள போயிட்டாருங்க..."

மொபைலில் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். பெரிய கெட்டிக்காரன் நான்.

"இருக்குதுங்க. போன்ல பார்த்தா செத்துப்போனவருங்க. இங்க நாலு பேரோட ஆடிட்டிருக்காருங்க."

நானும் அவரோடு சேர்ந்து கெஞ்ச ஆரம்பித்தேன். நம் ஊர்க்காரர்கள் நல்லவர்கள். விஷயத்தைக் கேட்டதும் "அதுக்கென்னங்க" என்று நகர்ந்து கொடுத்தார்கள்.

எத்தனை பேரை நிறுத்த முடியும்? அப்பாவின் கையை உதறிவிட்டு ஒரு பெண் குழந்தை வட்டத்துக்குள் ஓடிவிட்டது. நான்கு வயதுகூட இருக்காது. யாரோ அதட்ட, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது — ஆடலாமா, கூடாதா?

ஈஸ்வரி தடுக்கத்தான் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இன்னொரு கையோடு சேர்த்துத் தட்டினார்.

"ஆடு கண்ணு... நல்லா ஆடு."

குழந்தை ஆடியது. தாளம் தட்டியபடி அவர் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்த கை, மீன் பை, அந்தச் சிரிப்பு... போய்விட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

கிளம்பும்போது, "இனி நீங்க ஆடுங்க சார். நாந்தான் உங்களை நிறுத்திப்போட்டேன்" என்றார்.

வட்டம் காலியாகத்தான் இருந்தது. திரையின் வலது ஓரத்துக்கு இப்போது வேறொருவர் வந்திருந்தார். கட்டம் போட்ட சட்டை. துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டிருந்தார்.

அவர் எந்த அம்மாவின் வீட்டுக்காரரோ... நான் ஆடவில்லை.