தலைவர் தாண்டாத நாற்றுமுடி

ஒரு நாற்றுமுடி கைக்குள் அடங்கிவிடும். வேரில் சேறு சொட்டச் சொட்டப் பறித்துக் கட்டிய பச்சைக் கட்டு, அவ்வளவுதான். ஆனால் நடவு நாளில் அதை ஒருவரின் காலடியில் வைத்துவிட்டால் அவர் தாண்டிப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சைக்கிளில் வரும் வாத்தியாரானாலும் காரில் வரும் மாப்பிள்ளையானாலும் நடவுப் பெண்கள் கரையேறி முடியை முன்னால் வைப்போம். அவர் சிரித்துக்கொண்டே ஏதாவது காசு கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அந்தக் காசில் எங்களுக்கு டீயும் வடையும். அந்த முடியை வைத்துத்தான் என் நாத்தனார் ஒரு ஊராட்சித் தலைவரையே நாற்காலியை விட்டு நகர முடியாமல் செய்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நாத்தனார் என் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த இடத்தில் கை ஓங்கிய புருஷனிடம் "இனிமே நீயே ஆக்கித் தின்னு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்தவர். மருமகளாகப் போன புதிதில் மாமியாரைவிட அவருக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். நடவில் அவர்தான் முதல் ஆள். மிராசுதார் வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு "நெருக்கி நடுங்கடி" என்றால், "எறங்கி வந்து கொஞ்சம் நட்டுக் காட்டுங்க, பாத்துக் கத்துக்கிறோம்" என்பார். நாங்கள் குனிந்த தலை நிமிராமல் சிரிப்போம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வடிகால் போகிறது. கார்த்திகை மழையில் வயலில் நிற்கும் தண்ணீரையும் எங்கள் வாசலில் நிற்கும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு ஆற்றில் கொண்டு சேர்ப்பது அதுதான். கோடையில் காய்ந்து கிடக்கும், ஆடு மேயும். அதைத் தூர்த்துக் கடைகள் கட்டுவதாகத் தலைவர் கிளம்பினார். ஆளுங்கட்சிக்காரர். மேடையில் சமத்துவம் பேசுவார். நன்றாகவே பேசுவார், நானே கைதட்டியிருக்கிறேன். ஆனால் பங்கு பிரிக்கும்போது கடை அவருடைய மேலத்தெருவுக்கு, தண்ணீர் எங்களுக்கு. தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் மனு வாங்கும் ஜமாபந்தியில் மனு கொடுத்தோம். கிராம சபையில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கிராம சபை என்ற சொல்லே அப்போதுதான் எங்கள் தெருவுக்குள் வந்திருந்தது. சரி, பேசுவோம் என்று காத்திருந்தோம். தலைவர் தெருமுனையில் நின்று, "நடவு முடியட்டும்மா, அப்பறம் எல்லாரும் ஒக்காந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நம்பினோம்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் சாலையோர வயலில் நட்டுக்கொண்டிருந்தோம். ஒன்றிய அலுவலகத்து ஜீப் வந்தது. அண்ணி கரையேறி ஓடி முடியை முன்னால் வைத்தார். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். ரூபாய் நோட்டை நீட்டி, "சீக்கிரம் விடும்மா, கிராம சபைக்கு நேரமாச்சு" என்றார்.

காசு வாங்க நீட்டிய கையை அண்ணி மடக்கிக்கொண்டார். "எந்த ஊரு கிராம சபைங்க?"

"ஒங்க ஊருதாம்மா. ஒங்களுக்குச் சொல்லலியா?"

அண்ணி குனிந்து முடியை எடுத்தார். காசை வாங்கவில்லை. "நீங்க போங்க சார். பின்னாலயே வர்றோம்."

நடவைப் பாதியில் விட்டுக் கரையேறுவது எங்களில் யாரும் செய்யாத காரியம். பறித்துப் போட்ட நாற்று வாடிவிடும். மிராசுதாரோ தலைவருக்கு மச்சான். அன்றைய கூலி மட்டுமல்ல, அந்தப் பட்டத்து வேலையே போய்விடும். "சோத்துல மண்ணு விழுந்துரும்க்கா" என்று ஒருத்தி அழுதேவிட்டாள். அண்ணி அவளைத் திட்டவில்லை. "வீட்டுக்குள்ள தண்ணி நின்னா சோத்த எங்க வச்சு ஆக்குவ? ஆளுக்கொரு முடி எடுத்துக்கிட்டு வாங்கடி" என்றார்.

முழங்கால் சேற்றோடு ஊராட்சிக் கூடத்துக்குள் நுழைந்தோம். நாற்காலிகளில் மேலத்தெரு ஆட்கள். கிளார்க் தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தார். அதில் எங்கள் வடிகாலுக்குப் பெயர், 'பயன்பாடற்ற பள்ளம்'. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி நேரே போய்த் தலைவரின் காலடியில் முடியை வைத்தார். அப்புறம் நாங்கள் ஒவ்வொருத்தராக அவர் நாற்காலியைச் சுற்றி வைத்தோம். பழக்கதோஷத்தில் தலைவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். கை பைக்குள் போனதுமே வழக்கத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது.

"காசு வேணாங்க தலைவரே. வடிகாலக் குடுத்துட்டுப் போங்க."

"என்னம்மா வெளையாடுறியா? கூட்டம் நடக்குது."

"சொல்லாம வச்ச கூட்டந்தானே. குடுக்க முடியாதுன்னா தாண்டிப் போங்க. யாரு தடுத்தா?"

அவர் எழுந்தார். ஒரு காலைத் தூக்கியும்விட்டார். முன்வரிசையில் இருந்த அவருடைய சொந்தப் பெரியப்பாவே, "நாத்தத் தாண்டாதடா, வெளங்காது" என்று அதட்டினார். தூக்கிய கால் மெதுவாகக் கீழே இறங்கியது. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானத்தை ஆட்சேபிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். சேறு காயாத எங்கள் கைகள் அத்தனையும் மேலே போயின. பின்வரிசையில் மேலத்தெருக் கைகளும் சில எழுந்தன. தீர்மானம் நிராகரிக்கப்பட்டது என்று கிளார்க் எழுதினார். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அண்ணி தன் முடியை எடுத்தார்.

அந்தப் பட்டம் முழுக்க எங்கள் தெருவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. விடிவதற்குள் பஸ் பிடித்து நீடாமங்கலம் பக்கம் நடவுக்கு அலைந்தோம், பாதி நாள் அங்கும் ஆள் வேண்டாம் என்றார்கள். கார்த்திகையில் வடிகால் கரைதொட ஓடியது. அண்ணி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குதா புள்ள?"

"பசிக்குது அண்ணி."

"பசிக்கட்டும். தரை காஞ்சிருக்கா இல்லியா?"

காய்ந்திருந்தது. பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

அண்ணி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது நடவை மெஷின் நடுகிறது. தட்டில் வளர்த்த நாற்றைப் பாய்போலச் சுருட்டி அதில் வைக்கிறார்கள். முடி கட்டும் வேலையே இல்லை. வடிகாலுக்கு மட்டும் மறுபடி ஆபத்து வந்தது. இம்முறை மனைப்பிரிவுக்குப் பாதை போட அதை மூட வேண்டுமாம். இன்றைய தலைவர் பழைய தலைவரின் மகன். கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் அறிவிப்பு ஃபோனில் வந்த அன்றே கொல்லையில் ஒரு பிடி நெல்லை விதைத்தேன். நானே பறித்தேன், நானே கட்டினேன். கூட்டத்தில் வடிகால் பேச்சு வந்ததும் எழுந்து போய் அந்தப் பிள்ளையின் காலடியில் வைத்தேன்.

அவர் சிரித்தார். "என்னக்கா, காசா? ஃபோன்ல அனுப்பிவிடவா?"

"காசு வேணாம் தம்பி. அன்னைக்கு ஒங்கப்பா எதக் குடுத்துட்டு எந்திரிச்சாருன்னு அவரக் கேளுங்க. அதுவரைக்கும் முடி இங்கயேதான் இருக்கும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.