வயசான வண்டிக்கு முதுகில் கல்

மார்ச் 9, ஞாயிறு, காலை எட்டேகால். இரவு மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரியில் கடல் கடந்து, புக்கிட் மெர்தாஜாமில் உள்ள என் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மண் அள்ள வந்த ஓட்டுநர் நெட்டை. காதில் பாதி சிகரெட். ஏறும்போதெல்லாம் என் டிராக்டரின் மூக்கைத் தடவிக்கொடுப்பார்.

நாற்பத்தொரு வயது டிராக்டர். முன்வாளியில் மண் தூக்கினால் பின்னால் எடைக்கல் தொங்க வேண்டும். அதுதான் முன் அச்சின் பாரத்தைக் குறைக்கும். மூன்று தடவை சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பியபோது கல் புல்லில் கிடந்தது. வாளி நிறைய ஈரமண். முன் அச்சு முறிந்து, டிராக்டர் சேற்றில் மூக்கைக் குத்தியிருந்தது.

“கல்லை ஏம்பா கழட்டினே?”

“பாவம்லா ஐயா, வயசான வண்டி. முதுகுலயும் பாரம் ஏத்தணுமா?”

“அப்ப வாளியை ஏன் ரொப்பினே?”

“நடை குறைஞ்சா அது சீக்கிரம் ரெஸ்ட் எடுக்கும்லா.”

கை ஓங்கிவிட்டேன். அவரோ தன் சட்டையைக் கழற்றி, டிராக்டரின் மூக்கிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அச்சு, லாரி வாடகை, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து அந்த அன்புக்கு நான் கொடுத்தது 4,860 மலேசிய வெள்ளி.