ஒரு கல் வைக்க இடம்

மத்திகிரியில் நான் குடியிருந்த அறையில் கட்டில் ஒன்றுதான், ஆள் இரண்டு. அதில் ஒரு கஷ்டமும் கிடையாது என்று சொல்லித்தான் வீட்டுக்கார பாய் எங்களுக்கு வாடகைக்கு விட்டார். "நீ நைட்டு போனா அவன் படுப்பான், அவன் பகல் போனா நீ படு. கட்டில் எதுக்குப்பா சும்மா கெடக்கணும்?" என்றார். அவர் பழைய இரும்பு வியாபாரி. எது சும்மா கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூரில் பாதிப் பேர் இப்படித்தான் குடியிருந்தோம். நான் பாலக்கோட்டுப் பக்கம். அவன் தூத்துக்குடிப் பக்கம். ஒரே பட்டறையில் ஒரே லேத்தை அவன் பகலில் ஓட்டினால் நான் இரவில் ஓட்டுவேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமையானால் நான் ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன். ஆக, ஒரே அறையில் இருந்தோமே தவிர, அவன் முகத்தை நான் பார்த்ததெல்லாம் பட்டறை கேட்டில்தான். அவன் உள்ளே நுழைவான், நான் வெளியே வருவேன். இரண்டு வார்த்தை பேசினால் அதிகம்.

அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் விட்டுப்போன சூடுதான். டூட்டி முடிந்து வந்து படுத்தால் படுக்கை கதகதவென்று இருக்கும். தலையணையில் தேங்காயெண்ணெய் வாசம் அடிக்கும். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். இன்னொருத்தன் உடம்புச் சூட்டுக்குள் புகுந்து படுப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

அறையில் கம்ப்யூட்டர் ஒன்றும் இருந்தது. ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட சாமான்களோடு சாமானாக பாயின் குடோனுக்கு வந்தது. ஓடினால் நல்ல விலைக்குப் போகும், ஓடுகிறதா என்று பாருங்கள் என்று எங்கள் அறையில் கொண்டுவந்து வைத்தார். ஓடியது. வாங்கத்தான் ஆள் வரவில்லை. உள்ளே ஒரு விளையாட்டு இருந்தது. யார் போட்டுவைத்ததோ தெரியாது. ஒரு விண்வெளிக் கப்பல், அதில் இரண்டு பேர். வழி தவறி எங்கோ தூரத்தில் கிடக்கிறார்கள். கிரகம் கிரகமாக இறங்கி எரிபொருள் சேர்த்து வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கதை.

ஆட்டத்தை ஒரே ஒரு இடத்தில்தான் சேமித்துவைக்க முடியும். அதனால் அவன் விட்ட இடத்தில் நான் தொடங்குவேன், நான் விட்ட இடத்தில் அவன். கப்பலின் சரக்கறை திரையில் பன்னிரண்டு கட்டங்களாகத் தெரியும். "சாதகக் கட்டம் மாதிரில்லா இருக்கு வே" என்று கேட்டில் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எனக்கும் அது அப்படித்தான் தெரிந்தது.

ஒரு கட்டத்துக்கு ஒரு பொருள். பீப்பாய் எரிபொருளானாலும் ஒரு கட்டம், கைப்பிடிக் கல்லானாலும் ஒரு கட்டம். இந்த அநியாயத்தை எழுதியவன் கையில் கிடைத்தால் அறைந்திருப்பேன். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு விண்வெளி உடுப்பு, அதற்கு இரண்டு கட்டம். வீடு போய்ச் சேரப் பத்துப் பீப்பாய் வேண்டும், அதற்குப் பத்துக் கட்டம். ஆக, வேறு ஒரு குண்டூசி வைக்கக்கூட இடமில்லை.

அவனோ கல் பொறுக்கினான்! இறங்கிய கிரகத்திலெல்லாம் ஒரு கல். நீலக் கல், சிவப்புக் கல், கருங்கல். நான் ராத்திரி முழுக்க லேத்தில் நின்றுவிட்டு வந்து திறந்தால், நான் சேர்த்த எரிபொருள் பாதி காணாமல் போயிருக்கும். அங்கெல்லாம் கல் உட்கார்ந்திருக்கும். வெளியே தள்ளுவேன். தள்ளிய பொருள் திரையில் மெல்லச் சுழன்றுகொண்டே சிறிதாகி, புள்ளியாகி, நட்சத்திரங்களோடு கலந்துவிடும். எது நட்சத்திரம், எது நாம் எறிந்தது என்று அப்புறம் சொல்ல முடியாது. மறுநாள் போய்ப் பார்த்தால் வேறு கல்.

"யோவ், அந்தக் கல்ல வெச்சினு என்னாய்யா பண்ணப்போற?" என்று கேட்டில் கத்தினேன்.

"வந்துட்டுப் போனதுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா வே?" என்று சிரித்தான்.

அறையிலும் அதே கூத்துதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கெலவரப்பள்ளி அணைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். வரும்போது ஆற்றுக் கல் ஒன்று. ஜன்னல் விளிம்பு முழுக்கக் கல். நான் சீப்பு வைக்க இடமிருக்காது.

தீபாவளிக்கு இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். லீவு முடிந்து நான் வந்தபோது அவன் எனக்கு முன்பே வந்திருந்தான். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வார்த்தையில் அதையெல்லாம் எங்கே கேட்பது?

அதற்குப் பிறகுதான் இடம் காலியாகத் தொடங்கியது.

முதலில் கப்பலில். ஒருநாள் திறந்தேன், நீலக் கல்லைக் காணோம். அடுத்த நாள் சிவப்பும் இல்லை. அந்த இடங்களில் அவனே எரிபொருள் நிரப்பியிருந்தான். அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அறையில். சுவரலமாரியில் அவனுடைய தட்டு காலியானது. சந்தோஷமாக என் சட்டைகளை அங்கே பரப்பினேன். அவன் ஸ்டவ்வைக் காணோம். வாசலில் பாய் வீட்டம்மா, "என்னாப்பா, அவரு ஊருக்கே போறாரா? ஸ்டவ்வ எங்கிட்ட குடுத்துட்டாரு. பசங்களுக்கு அவரோட ஸ்வெட்டரு, செருப்பு எல்லாம் குடுத்தாரு" என்றார். புதுசு வாங்குவான் போலிருக்கிறது என்று நானே ஒரு பதிலைக் கட்டிச் சொன்னேன்.

அவன் சட்டை மாட்டும் ஆணி ஒன்று சுவரில் இருந்தது. ஒரு காலை அதுவும் இல்லை. பிடுங்கியிருந்தான். பிடுங்கியதுகூடப் பெரிதில்லை. அந்த ஓட்டையில் வெள்ளை சோப்பை வைத்துத் தேய்த்து, விரலால் வழித்து, சுவரோடு சுவராக்கியிருந்தான். ஆணி இருந்த இடத்தைத் தடவித்தான் கண்டுபிடித்தேன். விரல் நுனி வழுக்கியது. எனக்கு என்னவோ போலிருந்தது. கையை லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

கேட்டில் பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருந்தான். முன்பைவிடச் சிரித்த முகம். "நல்லா தூங்கு வே" என்பான். முன்பெல்லாம் அப்படிச் சொல்பவனில்லை.

மார்கழி பிறந்தது. ஓசூர்ப் பனி உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்லிப் புரியவைக்க முடியாது. விடிந்த பிறகும் எதிரில் வருகிறவன் பக்கத்தில் வந்தால்தான் ஆள். பக்கத்துக் கால்நடைப் பண்ணையில் மாடுகள் கத்துவது காதுக்குள் கேட்கும், ஒரு மாடும் கண்ணில் படாது. அப்படி ஒரு காலையில் அறைக்கு வந்து படுத்தவன் துள்ளி எழுந்தேன். படுக்கை சில்லென்று இருந்தது. தலையணையை முகர்ந்தேன். உறை துவைத்திருந்தது. எண்ணெய் வாசம் துளிகூட இல்லை. இரவு முழுக்க அதில் யாரும் படுக்கவில்லை.

மறுநாளும் சில்லென்றுதான் இருந்தது. அதற்கு மறுநாளும். அறைக்குள் இருமினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சாமான் குறைந்தால் அறை அப்படித்தான் பேசும். ஆனால் கப்பலில் மட்டும் தினமும் யாரோ வேலை பார்த்திருந்தார்கள். பீப்பாய் கூடிக்கொண்டே வந்தது. எங்கே தூங்குகிறான்? தூங்குகிறானா? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அன்றைக்குக் காலை கேட்டில் நின்றேன். பனியில் போர்வை போர்வையாக ஆட்கள் போனார்கள். எந்தப் போர்வைக்குள் அவன் என்று தெரியவில்லை. போயிருப்பான் என்று வந்துவிட்டேன்.

வந்ததும் படுக்கையைத் தொட்டேன். ஐஸ். தூக்கம் வராமல் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

பத்துக் கட்டத்தில் பத்துப் பீப்பாய் எரிபொருள். இத்தனை மாதமாக நான் தவம் கிடந்தது இதற்குத்தான். பதினோராவது கட்டத்தில் என் உடுப்பு. பன்னிரண்டாவது கட்டம் வெறுமனே கிடந்தது.

அவன் உடுப்பு இல்லை.

உடுப்பை வெளியே தள்ள அந்த விளையாட்டு லேசில் விடாது. நிச்சயமா என்று கேட்கும். ஆமாம் என்றால், அந்த ஆள் இனிக் கப்பலைவிட்டு இறங்கவே முடியாது, நிச்சயமா என்று மறுபடி கேட்கும். இரண்டு முறையும் ஆமாம் என்று தட்டியிருக்கிறான்.

இடத்துக்காக எதையெதையோ தள்ளியவன் நான். மருந்தைத் தள்ளியிருக்கிறேன், தண்ணீரைத் தள்ளியிருக்கிறேன். அது எனக்குப் புரியும். ஆனால் இங்கே இடம் தேவைப்படவே இல்லை. பத்தும் இரண்டும் பன்னிரண்டு, சரியாக இருந்தது. அவன் உடுப்பு இருந்தால் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லை. இடத்துக்காகத் தள்ளவில்லை. அப்படியானால் எதற்குத் தள்ளினான்?

திரையில் புள்ளிகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று அவனுடைய உடுப்பு. திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். விளிம்பு சுத்தமாகத் துடைத்திருந்தது. ஒரு கல்கூட இல்லை. என் சீப்பை மட்டும் நடுவில் நேராக வைத்திருந்தான். இவன் சாகப்போகிறான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

வாசலுக்கு ஓடினேன். "விடிகாலைல ஒரு பை தூக்கினு போயினு இருந்தாரு. கனமா இருந்துச்சி பை. டூட்டிக்குப் போற பக்கம் போவல" என்றார் பாய் வீட்டம்மா. அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும். பாயை எழுப்பி, அவர் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டு, கெலவரப்பள்ளிக்குப் போகச் சொன்னேன். பாய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். வழியெல்லாம் பனி. வண்டியின் விளக்கு வெளிச்சம் எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது. ஒரு மைல் கல்லும் தெரியவில்லை. எனக்கு சாமி பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. இரு, இரு, இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

அணையில் தண்ணீர் எது, பனி எது என்று பிரிக்க முடியவில்லை. பாய் கரை மேல் வண்டியை நிறுத்தினார். நான் சரிவில் இறங்கிக் கத்தினேன். "யோவ்! யோவ்!"

கீழேயிருந்து க்ளக் என்று ஒரு சத்தம் கேட்டது. தண்ணீரில் கல் விழும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்தான். பையில் இன்னும் கொஞ்சம் கல் மிச்சமிருந்தது. எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"டூட்டி முடிஞ்சு தூங்கலையா வே?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறியது. "உடுப்ப ஏன்யா தள்ளுன?"

"நீ தனியாவே வீடு போய்ச் சேந்துரலாம்லா. பத்துப் பீப்பா சேத்து வச்சிருக்கேன்."

"கண்ணு அவிஞ்சிபோச்சா உனக்கு? ஒரு கட்டம் காலியா கெடக்குதுய்யா! உன் உடுப்பு அங்க இருந்தா யாருக்கு என்னா இடைஞ்சல்?"

அவன் கையிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வீட்டுலயும் அதத்தான் வே நானும் கேட்டேன்" என்றான்.

அப்புறம் சொன்னான். அண்ணன்மார் இரண்டு பேரும் வீட்டைப் பங்கு போட்டு நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் போனவனை எங்கே படுப்பது என்று இந்தப் பக்கமும் கேட்டார்கள், அந்தப் பக்கமும் கேட்டார்கள். அவன் பெட்டி கோழிக்கூண்டு மேல் இருந்தது. "ஒரு மூலதான் கேட்டேன். அம்மையும் தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. அதுக்குப் பொறவு எங்க உக்காந்தாலும் அடுத்தவன் எடத்துல உக்காந்த மாதிரியே இருக்கு வே. மூணு நாளா நம்ம கட்டில்லகூட படுக்க முடியல."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, திட்டத்தான் தெரியும். திட்டினேன். அவன் அண்ணன்மாரைத் திட்டினேன், பனியைத் திட்டினேன். கடைசியில் அழுகை வந்துவிட்டது. "மூணு நாளா கட்டில் ஐஸா கெடக்குதுய்யா. மனுசன் எப்பிடித் தூங்கறது? உன் சூடு இல்லாம எனக்குத் தூக்கமே வர்லய்யா!" என்று கத்தினேன். நான் சொன்னதைக் கேட்டு நானே திகைத்துப்போனேன். அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினான். அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேலேயிருந்து பாய் குரல் கொடுத்தார். "ரெண்டு பேரும் ஏறி வாங்கப்பா. நெருங்கி உக்காந்தா மூணு பேரு போலாம்." அவனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்தோம்.

அன்று அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். தள்ளிய உடுப்பை அந்த விளையாட்டில் திரும்ப எடுக்க வழியே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் பீப்பாயும் போகும், இத்தனை மாத உழைப்பும் போகும். நிச்சயமா என்று கேட்டது. தட்டினேன். மறுபடி கேட்டது. "ஆமா சனியனே" என்று சொல்லியே தட்டினேன். பன்னிரண்டு கட்டம் புதிதாக வந்தது. இரண்டில் இரண்டு உடுப்புகள் இருந்தன.

ராத்திரி டூட்டிக்குப் போக எனக்கு மனமில்லை. "நான் வாசல்லியே படுத்துக்கறேன், நீ போ" என்று பாய்தான் அனுப்பிவைத்தார். லேத்தில் நின்ற நேரமெல்லாம் கை வேலை செய்தது, மனம் அந்த அறையில்தான் கிடந்தது.

காலையில் கேட்டில் அவன் வந்தான். சிரிக்கவில்லை. "வாரேன் வே" என்று மட்டும் சொல்லி உள்ளே போனான். அறைக்கு ஓடிவந்தேன். சுவரில் சோப்பைச் சுரண்டிவிட்டு அதே ஓட்டையில் ஆணி அடித்திருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டு உடுப்புக்கும் பக்கத்தில், மூன்றாவது கட்டத்தில், ஒரு நீலக் கல்.

"ஆரம்பிச்சிட்டான்" என்று வாய்விட்டுத் திட்டினேன். தள்ளவில்லை. அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தேன். படுக்கும் முன் கையை வைத்துப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.