கீரைப் பாத்திக்குக் காவல்

அப்பாவின் கடைசித் தங்கையை இளையரசனேந்தலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் நான்காம் வகுப்பு படித்தபோது அந்த அத்தை ஒரு கட்டைப்பையோடு சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். நான்கு மாதக் கைப்பிள்ளை அவளோடு வரவில்லை. பேரன் எங்கள் வீட்டுப் பிள்ளை, நீ வேண்டுமானால் போ என்று மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். பெரிய ஆட்களை வைத்துப் பேசித்தான் பிள்ளையை வாங்க வேண்டும், அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும் என்றார் அப்பா. பெரிய ஆட்களுக்கோ ஒவ்வொரு வாரமும் ஒரு விசேஷ வீடு இருந்தது.

அத்தை மூலையிலேயே படுத்துக் கிடந்தாள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் தானாகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். கரிசலைக் கொத்தி மூன்று பாத்தி கட்டி, சிறுகீரையும் மல்லியும் விதைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாயிற்று.

அதைக் கெடுத்தது ஒரு சாம்பல் பூனை. யாருடையதும் இல்லை. பொலபொலவென்ற மண்ணைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. விடிந்து பார்த்தால் பாத்தியில் குழி இருக்கும், முளைகள் வேரோடு சிதறிக் கிடக்கும். சித்தப்பா உடைமுள் வெட்டிவந்து சுற்றிலும் பரப்பினார். அம்மா மிளகாய்த்தூள் தூவினாள். அப்பா பாட்டில்களில் நீலம் கரைத்து வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு பழைய கொசுவலையையும் விரித்தோம். பிள்ளையை மீட்க ஒருவரும் பஸ் ஏறவில்லை. கீரையைக் காக்க வீடே திரண்டு நின்றது.

மூன்றாவது முறையும் பாத்தி கிளறிக் கிடந்த அன்று அத்தை மறுபடி விதைக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சித்தப்பா சாக்கை எடுத்தார்.

“ஏட்டி, நீ கூப்பிட்டாத்தான் அது வரும். கருவாட்டக் காட்டு.”

அது உண்மைதான். என் தட்டில் மிஞ்சுவதையெல்லாம் தின்று பழகிய பூனை. கூப்பிட்டதும் வந்தது. நானே தூக்கிச் சாக்குக்குள் விட்டேன். வயிறு தொளதொளவென்று தொங்கியது. வயிறாரத் தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா பைக்கில் கொண்டுபோய்ப் பனவடலிசத்திரத்துக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வந்தார். இனி அது வராது என்று மட்டும் அத்தையிடம் சொன்னோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து மெல்லிய கத்தல் கேட்டது. எலியாக இருக்கும் என்றாள் அம்மா. அத்தை எழுந்து போய் விறகுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். உள்ளே மூன்று குட்டிகள். இரண்டில் எறும்பு மொய்த்திருந்தது. கண் திறக்காத மூன்றாவதுதான் கத்திக்கொண்டிருந்தது.

“தாய எங்கட்டி?”

சொன்னேன்.

“நீயா புடிச்சுக் குடுத்த?”

“ஆமா அத்தே. ஒங்க கீரைக்காவத்தான்.”

அவள் என்னை அடித்திருக்கலாம். சித்தப்பாவிடம் போய், “அண்ணே, தாயக் கூட்டிட்டு வந்துருங்க” என்று மட்டும் சொன்னாள். அவர் பொழுது சாயும்வரை தேடிவிட்டு வெறும் சாக்கோடு திரும்பினார். மூன்றாவது குட்டியும் இரண்டு நாளில் போய்விட்டது. அதைப் புதைத்த கையோடு அத்தை கொசுவலையையும் முள்ளையும் இழுத்து எறிந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இளையரசனேந்தலுக்குப் போனாள். அடைத்த கதவுக்கு வெளியே அன்று முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். கோர்ட்டு மூலமாகப் பிள்ளையைப் பார்க்கக் கிடைத்தபோது அவனுக்கு ஐந்து வயது. இவளைக் கண்டதும் தன் ஆச்சியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம். அங்கே நடந்ததையெல்லாம் பெரியவளான பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நானே கண்ணால் பார்த்தது குட்டிகளைக் கண்டெடுத்த அந்த மத்தியானத்தைத்தான். அத்தை விறகுப்பக்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் பசும்பால். துணித்திரியை அதில் நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தாள். குட்டி குடிக்கத் தெரியாமல் கத்தியது. கத்தக் கத்த, அத்தையின் ரவிக்கை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, ஈரம் அகலமாகப் பரவிக்கொண்டே வந்தது.

“பாலச் சிந்திட்டீங்களா அத்தே?” என்று கேட்டேன்.

“ஆமா மக்கா, சிந்திட்டு” என்றாள்.

ஓடிப்போய்த் துண்டு எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு அழுத்திக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு அழுகைச் சத்தம் கேட்டாலே பால் சுரந்துவிடும் என்பதும், அது எந்தப் பிள்ளை என்று பார்ப்பதில்லை என்பதும் ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. கிண்ணத்தில் பால் குறையாமல் இருந்ததை மட்டும் பார்த்தேன்.