யாகோப்பு சொன்ன ‘சுடு’

பிஸ்கட் டின்னைத் திறந்து பிடித்தபடி யாகோப்பு வரிசை நெடுக வருகிறார். வங்கிக்காரர் தன் போனை அதில் போடுகிறார், தச்சரும் போடுகிறார். போன் கையிலிருந்தால் துப்பாக்கி கைக்கு வராது. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்திலுள்ள அந்தத் துப்பாக்கி சுடும் கழகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சூட்டுக்கூடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர்.

மற்ற நாட்களில் கடைக்காரர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் அரிசி, கருவாடு, கறித்தூள். இவற்றோடு மனைவி றோசம்மா சுட்டுத் தரும் உளுந்து வடை. வடைக்கு ஜெர்மன்காரர்களும் வந்து நிற்கிறார்கள். ஆளை எளிதில் மறக்க முடியாது. கோடையிலும் கம்பளித் தொப்பி. சட்டைப் பையில் மூன்று பேனா, ஒன்றும் எழுதாது. போனில் பேசினால் மறுமுனையில் இருப்பவர் மன்னாரில் இருப்பதாகவே நினைப்பு. அப்படி ஒரு குரல்.

இலங்கைப் போரில் மன்னாரில் வெடிச்சத்தம் கேட்டு ஓடி வந்த மனிதர் துப்பாக்கிகளுக்கு நடுவில் போய் நிற்பானேன் என்று கோயிலில் கேட்காதவர் இல்லை. அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்.

“எனக்குச் சுடுறதில விருப்பமில்லை அண்ணை, நிப்பாட்டுறதிலதான் விருப்பம். நான் ‘ஸ்டொப்’ எண்டால் அத்தனை துவக்கும் ஒரேயடியா நிண்டுடும். அங்க எத்தனை பேரைக் கும்பிட்டுக் கேட்டம், ஆராவது நிப்பாட்டினவங்களோ?”

இதைச் சொல்லும்போது மட்டும் அந்தக் குரல் தாழ்ந்துவிடும்.

கழகத்தில் இன்னொரு தமிழ் ஆள் பிளோறன்ஸ், தாதிக்குப் படிக்கும் பெண். பயிற்சியில் அவளுக்கு மட்டும் அவர் கட்டளை தமிழில்தான்: பொறு, சுடு, நிப்பாட்டு. தாய்மொழியில் சொன்னால் கை நடுங்காது என்பது அவர் கட்சி.

டின்னில் விழாத போன் ஒன்றே ஒன்று, அவருடையது. “வியாபாரம் கண்டியளோ, அதை விட ஏலாது” என்பார். அந்தச் சலுகைதான் ஆளைக் கவிழ்க்கப் பார்த்தது.

போன வருடம் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு நாடே கொடி பிடித்தது. இந்த வருட இளவேனிலில் கழகத்துக்குச் சொந்தத் திருவிழா: வட்டாரப் போட்டி. நன்றாகச் சுட்டவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பிளோறன்ஸ் அதற்காகத் தூக்கத்தைத் தொலைத்து உழைத்திருந்தாள். காற்றுத் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, தலைமை நடுவரின் கட்டளைக்காகக் காத்து நின்றாள். மதியத்துக்குக் கழகம் வடைக்குச் சொல்லியிருந்தது. யாகோப்புவின் சட்டைப் பை அதிர்ந்தது.

“என்னப்பா, சுடட்டோ?” என்றாள் போனில் றோசம்மா.

வடை நேரத்துக்கு வராவிட்டால் கடையின் பெயர் என்னாவது!

“ஓம், சுடு! சுடு!” என்றார் யாகோப்பு, மன்னாருக்கே கேட்கும்படி.

பிளோறன்ஸின் விரல் யோசிக்கவில்லை. டப்.

கட்டளைக்கு முன் சுட்டால் புள்ளி போகும். புள்ளி போனால் மாநிலப் போட்டியும் போகும். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த தலைமை நடுவர் அம்மையார் அவளை நோக்கி நடந்தார். பெண்ணின் முகத்தில் ரத்தமில்லை. யாகோப்புவைக் காட்டிக் கொடுக்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.

அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாகோப்புவுக்கு ஒன்றும் ஆகாது. திறந்தால் பொறுப்புப் பறிபோகலாம், நிறுத்தச் சொல்லும் உரிமையும் அதோடு போய்விடும்.

“ஸ்டொப்!” என்றார்.

நடுவரே நின்றுவிட்டார்.

யாகோப்பு தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஜெர்மனில் சொன்னார்: “அவள் என் கட்டளைக்குத்தான் சுட்டாள். நான் மனைவியிடம் வடை சுடச் சொன்னேன். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.”

“பலகாரத்துக்கும் துப்பாக்கிக்குமா? எப்படித்தான் பிரித்து அறிவீர்கள்?” என்றார் நடுவர்.

“கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான், அம்மா.”

முதலில் சிரித்தவர் நடுவர்தான். பிறகு கூடிப் பேசினார்கள். பொறுப்பாளரின் சொல்லுக்குச் சுட்டது கணக்கில் சேராது, பெண்ணுக்குத் தண்டனை இல்லை என்று தீர்ப்பானது. யாகோப்புவை ஒரு கண்டிப்போடு விட்டார்கள். அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. போட்டி முடிந்ததும் வாசற்படியில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தார்.

வடை சூடாகவே வந்து சேர்ந்தது. பிளோறன்ஸ் ஓடி வந்து, “மாமா, நான் மாநிலப் போட்டிக்குப் போறன்!” என்றாள். அவர் பேசாமல் ஒரு வடையை எடுத்து அவள் கையில் வைத்தார். பேச அவருக்குப் பயமாக இருந்தது.

இப்போது அவர் போனும் டின்னுக்குள் போய்விடுகிறது. ஆனால் வடை வியாபாரம் காத்திருக்காதே. டின்னை மூடுமுன் போனும் கையுமாகக் கூடத்தை விட்டு வெளியே வருகிறார். வாசலைக் கடந்து, பஸ் நிறுத்தம் வரை போய், கூடத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்பவரைப் போலக் குசுகுசுக்கிறார்:

“இப்ப சுடு, றோசம்மா.”